இடமிருந்து மூன்றாவது குழந்தை

பதினொன்று இருபதுக்குள் இளமதி வந்து சேராவிட்டால், வருகிற வெள்ளிக்கிழமை ஏரிமேட்டுக் காலனி மழலையர் மையத்துக்குப் பூட்டு.

இளமதிக்கு வயது ஐந்து. அந்த நேரத்தில் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவளுடைய டீச்சர் ஜெனிஃபருக்கே நிச்சயமாகத் தெரியாது. கடைசியாக வந்த தகவல்படி, நான்கு ஊர் தள்ளி வேறொரு மையத்தில், முதல் வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக உட்கார்ந்து, சின்ன ஏபிசிடி இருபத்தாறையும் அன்றைக்கு நான்காவது தடவையாக எழுதிக்கொண்டிருந்தாள்.

மணி பத்து இருபது.

ஜெனிஃபர் வாசலுக்கு வந்து ஏரிக்கரையைப் பார்த்தாள். ஸ்கூட்டி வருகிற புழுதி எதுவும் இல்லை. உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள். முதல் வரிசையில் மூன்றாவது இடம் மட்டும் காலி.

எல்லாம் சிற்றெழுத்துச் செம்மை இயக்கத்தால் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்பே நம் பிள்ளைகள் பெரிய ஏபிசிடியை எழுதிவிடுகிறார்கள், சின்ன ஏபிசிடியில்தான் தடுமாறுகிறார்கள் என்று தலைநகரத்தில் யாரோ கண்டுபிடித்ததிலிருந்து அந்த இயக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சின்னம் இருந்தது, ஒரு பாட்டு இருந்தது, ஒரு கைபேசிச் செயலி இருந்தது, நாற்பத்தொரு சுற்றறிக்கைகள் இருந்தன. சாக்பீஸ் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

பதினோராவது சுற்றறிக்கை திடீர் ஆய்வு பற்றியது. திடீர் ஆய்வு எந்தத் தேதியில், எந்த மையத்தில், எத்தனை மணிக்கு என்று பதினைந்து நாள் முன்னதாகவே வரைபடத்தோடு வந்துவிடும். ஆய்வாளர் ஒரே ஒரு குழந்தையைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பார். தற்செயல் என்றால் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால், முதல் வரிசையில் இடமிருந்து மூன்றாவது குழந்தை என்று சுற்றறிக்கையே வரையறுத்திருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்தால் பாரபட்சம் வரும் என்பதால் ஆய்வாளர் முகத்தைப் பார்க்கக் கூடாது. செயலி சிலேட்டையும் எழுதும் கையையும் மட்டும் படம் பிடிக்கும். அந்தக் குழந்தை இருபத்தாறும் எழுதினால் மையம் நூறு சதவீதம். எழுதாவிட்டால் பூஜ்யம். பூஜ்யம் வாங்கிய மையம் பக்கத்து மையத்தோடு இணைக்கப்படும்.

ஏரிமேட்டுக்குப் பக்கத்து மையம் என்பது ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வரைபடத்தில் கால் அங்குலம். கரையைச் சுற்றி நடந்தால் நாலு கிலோமீட்டர். காலனிப் பெண்கள் நடவுக்கு விடியற்காலையே கிளம்பிவிடுகிறவர்கள். பிள்ளைகளை யார் சுற்றிக் கொண்டுபோய் விடுவார்கள்? மையம் வருவதற்கு முன்னால் பிள்ளைகளும் கூடவேதான் கழனிக்குப் போயின. அப்படிப் போன ஒரு பிள்ளை மதகு வாய்க்காலில் இறங்கிவிட்டது. எருமை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் முடியைப் பிடித்துத் தூக்கினார். அந்தப் பிள்ளைதான் இளமதி. அப்போது அவளுக்கு இரண்டு வயது.

இந்தப் பூட்டு விஷயம் ஜெனிஃபருக்கு மனப்பாடம். அதனால்தான் அவள் பார்வை கரையை விட்டு நகரவில்லை.

இத்தனைக்கும் அவள் பிள்ளைகள் எழுதத் தெரியாதவர்கள் அல்ல. நாலு கோட்டு நோட்டு வராத வருஷத்தில், நடவுக்கு நூல் பிடிக்கிற பழைய கயிறுகளை வாங்கி வந்து, வாசல் மண்ணில் தண்ணீர் தெளித்து, முளையடித்து நாலு கயிறு கட்டினாள். நாலு கயிற்றுக்கு நடுவே மூன்று பாத்தி. நடுப் பாத்தி பயிர், மேல் பாத்தி கதிர், கீழ்ப் பாத்தி வேர். a, c, e எல்லாம் நடுப் பாத்தியிலேயே அடங்கிக் கிடக்கும். b, d, h கதிர் விடும். g, p, y வேர் விடும். f மட்டும் மூன்று பாத்தியிலும் கால் வைக்கும். அதற்குப் பிள்ளைகள் மிராசு என்று பேர் வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் அவளால் மாற்ற முடியவில்லை. அம்மாக்கள் நாற்று நடுகிற மாதிரியே பிள்ளைகளும் குந்தி, ஒரு எழுத்தை ஊன்றிவிட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்துதான் அடுத்த எழுத்தை ஊன்றுவார்கள். பதினைந்தாவது எழுத்துக்குள் வகுப்பே வாசலைத் தாண்டிப் போயிருக்கும். இளமதி ஒருத்தி மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே, சிலேட்டிலேயே, இரண்டு நிமிஷத்தில் இருபத்தாறையும் எழுதுவாள்.

வட்டார ஒருங்கிணைப்பாளர் சசிரேகாவுக்கு அது தெரிந்திருந்தது. காலை ஏழரைக்கு ஸ்கூட்டியில் வந்து நின்றாள். முதல் மையத்தில் ஒரு பிள்ளைக்கும் எழுத வராது, டீச்சர் அழுகிறாள், ஒன்பது பத்துக்கு ஆய்வு, ஒன்பதரைக்குப் பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெனிஃபருக்கு இளகிய மனசு. இளமதியின் அம்மா இளவரசி அதற்குள் கழனிக்குப் போய்விட்டிருந்தாள். ஜெனிஃபரே பெண்ணை ஸ்கூட்டியின் முன்னால் நிற்க வைத்து அனுப்பினாள்.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டி வரவில்லை, போன் வந்தது. இரண்டாவது மையத்திலும் இதே கதையாம். அப்புறம் மூன்றாவது. ஜீப் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போகும், நாங்கள் ஏரிக்கரை வழியாகக் குறுக்கே போய்விடுவோம், ஜீப்புக்கு முன்னால் ஆறு நிமிஷம் கிடைக்கிறது, கவலைப்படாதே என்றாள். வட்டாரத்தில் ஆய்வுக்கு இருந்தவை மொத்தம் ஏழு மையங்கள். ஏழாவது ஏரிமேடு.

பத்து ஐம்பதுக்குச் சசிரேகா போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஜெனிஃபர் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. பிள்ளைகளை உதவியாளர் ஆண்டாளம்மாளிடம் விட்டுவிட்டு, அவர் வீட்டு மொபெட்டை வாங்கிக்கொண்டு கரை ஏறினாள். மொபெட்டுக்குப் பிரேக் பாதிதான். கரையில் பாதி வழி சேறு. ஆறாவது மையத்தை எட்டும்போது மணி பதினொன்று ஐந்து. வாசலில் இயக்கத்தின் வெள்ளை ஜீப் நின்றுகொண்டிருந்தது. உள்ளே செயலி பாட்டுப் பாடியது. யாரோ நூறு சதவீதம் வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஜீப்பின் டிரைவர் மோகன்குமார் ஐம்பது வயதுக்காரர். பானெட்டில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். ஜெனிஃபரைப் பார்த்ததும் குச்சியால் பின்பக்கம் காட்டினார்.

“பின்னாடி தண்ணி டிரம்மாண்ட கீதும்மா உன் பொண்ணு. காலைலேர்ந்து ஆறு ஊர்லயும் அத்தத்தான் பாத்துக்கினு வரேன்.”

அவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவள் திகைத்து நின்றாள். நான் டிரைவர், முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எனக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பவில்லை என்றார் மோகன்குமார்.

டிரம்முக்குப் பக்கத்தில் சசிரேகா குந்தியிருந்தாள். இளமதியின் வலது கையை வாளித் தண்ணீரில் முக்கி, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று விரல்கள் சிவந்து தடித்திருந்தன. மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு நனைந்து தொங்கியது. பிள்ளை அழவில்லை. ஜெனிஃபரைப் பார்த்ததும் ஒன்றுதான் கேட்டாள்.

“டீச்சர், இந்த ஊர்ல எம்பேரு இன்னா?”

தண்ணீர் சொட்டிய அந்தக் கையை ஜெனிஃபர் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். ஆறு ஊர்ப் பதிவேட்டிலும் ஆறு பெயருக்கு அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள்.

“எல்லா ஊர்லயும் உன் பேரு இளமதிதான். வா, வூட்டுக்குப் போலாம்.”

“இன்னும் எத்தினி தபா எழுதணும்?”

ஜெனிஃபர் அவளைத் தூக்கி மொபெட்டின் முன்னால் நிற்க வைத்தாள். மொபெட்டைக் கிளப்பினாள். பின்னால் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

வெள்ளை ஜீப்பும் ஆண்டாளம்மாள் வீட்டு மொபெட்டும் ஏரிமேட்டை வேறு வேறு பக்கமிருந்து ஒரே நேரத்தில் தொட்டன. பின்கதவு வழியாக ஜெனிஃபர் பிள்ளையை உள்ளே விட்டாள். முன்கதவு வழியாக மாவட்ட ஆய்வு அலுவலர் ராஜாராம் நுழைந்தார். நுழையும்போதே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார். பாரபட்சத்துக்கு இடம் கொடுக்காத மனிதர் என்று பெயர் வாங்கியவர். காலையிலிருந்து ஆறு மையத்தில் அவர் பார்த்தது மொத்தமும் சிலேட்டு, கை, சொந்தச் செருப்பு.

இருக்கையில் அமர்ந்து ஆய்வுரை ஆற்றினார். அது சுற்றறிக்கைப்படி கட்டாயம்.

“இன்று நான் கண்ட ஆறு மையங்களிலும் ஒரே எழுத்து. ஒரே சாய்வு. ஒரே சுழி. g-யின் வால்கூட ஆறு இடத்திலும் ஒரே நீளம். முப்பது ஆண்டுப் பணியில் இப்படி ஒரு சீர்மையைக் கண்டதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். ஆறு குழந்தைகளின் கையிலும் கறுப்புக் கயிறு. எழுத்துத் திறனுக்கும் கறுப்புக் கயிற்றுக்கும் உள்ள தொடர்பைத் தலைமையிடத்துக்கு எழுதியிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரியாது.”

கதவோரம் நின்ற மோகன்குமார் இருமினார்.

“மூன்றாவது குழந்தை எழுதலாம்” என்றார் ராஜாராம்.

இளமதி சாக்பீஸை எடுத்தாள். சிலேட்டில் வைத்தாள். a-வின் வட்டம் பாதி வந்தது. சாக்பீஸ் விரலிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தாள். இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை அவள் அதை எடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு ஜெனிஃபரைப் பார்த்தாள்.

செயலியில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் ஒன்று போய்விட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை எழுதிவிடும். சொன்னால் கேட்கிற பிள்ளை. ‘எழுதுடா கண்ணு, இதான் கடைசி’ என்று, ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்துவிட்டிருந்த சசிரேகா பின்கதவிலிருந்து சைகை செய்தாள். ஜெனிஃபர் அந்த மூன்று விரல்களைப் பார்த்தாள். பதினெட்டு வீட்டு அம்மாக்களை நினைத்தாள். வாய்க்காலை நினைத்தாள். மறுபடியும் விரலைப் பார்த்தாள்.

“சார், அவளுக்குக் கை வலிக்குது. எழுத மாட்டா. பக்கத்துல ஆல்வின் இருக்கான், எழுதுவான். மத்த எல்லாருமே எழுதுவாங்க.”

பிள்ளைகளுக்கு அது புரிந்துவிட்டது. ஆல்வின் சிலேட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டான். இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை எல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டன. குந்தியபடியே எழுதி எழுதிப் பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டிக்கொண்டு, சிலேட்டைத் தூக்கிக் காட்டின. பதினெட்டு சிலேட்டு. ராஜாராம் கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா, மூன்றாவது குழந்தைதான் தற்செயல். நாலாவது குழந்தை என்றால் அது நம்முடைய விருப்பம் ஆகிவிடும். எழுதத் தெரிந்த குழந்தையை எழுதச் சொன்னால் அது ஆய்வே அல்ல, சலுகை. என்னிடம் சலுகை நடக்காது.”

ஐந்து நிமிஷம் முடிந்தது. செயலி அதே பாட்டை இழுவையாகப் பாடியது. ஏரிமேடு, பூஜ்யம்.

ராஜாராம் கண்ணை மூடியபடியே எழுந்து, மோகன்குமார் கையைப் பிடித்து வழிகாட்ட, ஜீப்பில் ஏறிப் போனார்.

சாயங்காலம் சேதி தெரிந்ததும் இளவரசி கழனிச் சேறு காயாத காலோடு வந்தாள். பெண்ணின் விரலைப் பார்த்துவிட்டு, சசிரேகா வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுகிறேன் என்று கிளம்பினாள். ஆண்டாளம்மாள் பிடித்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இளவரசி மெதுவாகச் சொன்னாள்: “ஆறு ஊர்ல பாஸ் ஆயி, சொந்த ஊர்ல பெயிலாயி வந்துகீது எம்பொண்ணு.” அவள் அதைத் தமாஷாகச் சொல்லவில்லை. அதனால் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆணை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மையம் பூட்டப்படும். பாய்கள், சிலேட்டுகள், குழந்தைகள் ஆகிய அசையும் பொருள்கள் அக்கரை மையத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்.

அதே தபாலில் இன்னொரு காகிதமும் இருந்தது. அதுதான் சசிரேகாவைப் புதன்கிழமை காலை ஓட ஓட ஏரிமேட்டுக்கு அனுப்பியது. முகத்தில் ரத்தமே இல்லை. நூறு சதவீதம் வாங்கிய ஆறு மையங்களிலும் எழுதிக் காட்டிய ஆறு குழந்தைகளுக்கும், சுடர்க் குழந்தைகள் என்று பட்டம் கொடுத்து, வியாழக்கிழமை உத்திரமேரூர்க் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. தலைநகரத்திலிருந்து இயக்கத்தின் தலைமை நெறியாளரே வருகிறார். ஆறு குழந்தைகளும் ஒரே மேடையில், ஒரே நேரத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

“ஒரே நேரத்துல, ஜெனிஃபர்” என்றாள் சசிரேகா. “ஆறு பேரும்.”

ஸ்கூட்டிக்கு இது எட்டாத வேலை.

முந்தின நாள் முழுக்க அவள் ஆறு மையத்தையும் சலித்துவிட்டு வந்திருந்தாள். அங்கே பிள்ளைகள் பாட்டு நன்றாகப் பாடினார்கள். சின்னத்தை நன்றாக வரைந்தார்கள். z வரை யாரும் போகவில்லை. வட்டாரத்தில் வரிசையாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருந்த ஒரே மையம் பூஜ்யம் வாங்கிய மையம்தான். ஆறு டீச்சர்களின் வேலை, அவள் வேலை, எல்லாம் ஜெனிஃபர் கையில் இருந்தது.

ஜெனிஃபருக்குத் தன் கையில் ஏதாவது இருந்து பழக்கமில்லை. யோசிக்க நேரம் எடுத்தது.

“ஆறு பேரைத் தரேன் மேடம். ஆனா மையத்தைப் பூட்டக் கூடாது. அதைக் காயிதத்துல எழுதித் தரணும்.”

அது ராஜாராமால்தான் முடியும் என்றாள் சசிரேகா. அப்படியானால் ராஜாராமிடம் சொல்லுங்கள் என்றாள் ஜெனிஃபர். எதை, எல்லாவற்றையுமா என்று சசிரேகா கேட்டாள். எல்லாவற்றையும்தான்.

போகும்போது சசிரேகா ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஆறு ஊர்ப் பெயர்கள். எந்தப் பிள்ளை எந்த ஊரைச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. மேடையில் யாராவது கேட்டால் தடுமாறக் கூடாது, ராத்திரிக்குள் மனப்பாடம் செய்ய வைத்துவிடு என்றாள். ஜெனிஃபர் அதை வாங்கி மடித்துக் கைப்பையில் போட்டாள். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத்தான் தனக்கு ஆணை வந்திருக்கிறது, ஊரை மாற்றிச் சொல்லக் கற்றுக்கொடுக்க எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை மண்டபத்தின் பின்புறம், சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில், ராஜாராம் அவளைச் சந்தித்தார். சசிரேகா சொல்லிவிட்டிருந்தாள். அவர் முகம் வெளிறித்தான் இருந்தது, ஆனால் குரலில் ஒரு குறையும் இல்லை.

“அம்மா, சசிரேகா என்னிடம் ஏதோ சொன்னாள். அது என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் நான் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும், முதலில் என் மீதே. ஆறு மையங்கள் பற்றிய அறிக்கை தலைமையிடத்துக்குப் போய்விட்டது. போன அறிக்கையில் தவறு இருக்க முடியாது. இருந்திருந்தால் அது போயிருக்காது.”

“பூட்டு, சார்?”

“பூட்டுவதற்குப் படிவம் இருக்கிறது. பூட்டாமல் இருப்பதற்குப் படிவம் இல்லை. விழா முடியட்டும். பார்க்கலாம்.”

அலுவலகங்களில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஜெனிஃபருக்குத் தெரியும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் அங்கே இல்லை. புதுத் துணி, இடது கையில் இயக்கத்தின் கொடி, வலது கையில் புத்தம் புதிய கறுப்புக் கயிறு. அதற்கும் சுற்றறிக்கை வந்துவிட்டிருந்தது. சசிரேகா ஆறு பேரையும் மேடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். இளமதி முதல் ஆள், விரல் வீக்கம் வடிந்திருந்தது. ஆல்வின் கடைசி ஆள்.

மண்டபம் நிறைந்திருந்தது. நடவுக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் காலனிப் பெண்கள் வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். மேடையின் பின்திரையிலிருந்து முன்விளிம்பு வரைக்கும் நாலு கோடு அச்சடித்த ஆறு நீளமான பிளக்ஸ்கள் விரிக்கப்பட்டிருந்தன. விளிம்புக்குக் கீழே நாலடிப் பள்ளம். சிமென்டுத் தரை. ஜெனிஃபருக்கு அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. ஓடிப்போய் மேடைக்குக் கீழே நின்றுகொண்டாள்.

மணி அடித்தது. ஆறு பிள்ளைகளும் திரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குந்தினார்கள். a ஊன்றினார்கள். ஒரு அடி பின்னால். b ஊன்றினார்கள். ஒரு அடி பின்னால். சிலேட்டை விட்டு நீளக் கோட்டுக்கு வந்ததால் இளமதியும் சேர்ந்துகொள்ள, ஆறு முதுகும் ஒரே சீராக, ஒரே தாளத்தில், மேடை விளிம்பை நோக்கி நகர்ந்து வந்தன. கடைசி வரிசைப் பெண்கள் தங்களை அறியாமல் உடம்பை ஆட்டினார்கள்.

முன்வரிசையில் தலைமை நெறியாளர் பரவசமாகப் பார்த்தார். முதுகை மட்டும் காட்டி எழுதுவது பாரபட்சத்தின் கடைசிச் சுவடையும் அழித்துவிடுகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ராஜாராம் குறித்துக்கொண்டார்.

p, q, r. ஆல்வின் எழுதுவது எப்போதும் பெரிசு பெரிசாக இருக்கும். மற்றவர்கள் t-யில் இருக்கும்போது அவன் அதே t-யோடு விளிம்புக்கு ஒன்றரை முழத்தில் இருந்தான். u ஊன்றினான். நகர்ந்தான். v ஊன்றினான். குதிகால் காற்றில் தொங்கியது. மண்டபம் மூச்சைப் பிடித்தது. கத்தினால் பிள்ளை திடுக்கிட்டு விழுந்துவிடும். ஜெனிஃபர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, கழனியில் பேசுகிற குரலில் சொன்னாள்.

“ஆல்வின், வரப்பு வந்துட்ச்சி பாரு.”

அவன் நின்றான். திரும்பிப் பார்க்காமலேயே பக்கவாட்டில் ஒரு அடி வைத்து, மிச்சம் நாலு எழுத்தையும் குறுக்கு வாட்டத்தில் ஊன்றி முடித்தான். மண்டபம் கைதட்டியது. ஜெனிஃபர் ஏந்திய கைகளை அப்போதுதான் இறக்கினாள்.

ஆனால் விழா முடியவில்லை. தலைமை நெறியாளர் மேடையேறி, மைக்கை வாங்கி, இருபது நிமிஷம் பேசினார். பெரிய எழுத்து எழுதுகிறவன் தன்னைப் பெரியவனாக நினைத்துக்கொள்கிறான், சின்ன எழுத்தே பணிவு, ஆகவே இந்த இயக்கத்தை உலகத்தின் மிகப்பெரிய இயக்கமாக ஆக்கிவிட்டுத்தான் ஓய்வேன் என்றார். பிறகு பாசம் பொங்க இளமதியின் முன்னால் குனிந்தார்.

“நீ எந்த ஊரும்மா?”

சசிரேகா ஜெனிஃபரைப் பார்த்தாள். ஜெனிஃபர் கைப்பையைப் பார்த்தாள்.

“ஏரிமேட்டுக் காலனி” என்றாள் இளமதி.

நெறியாளர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் அந்த ஊரே இல்லை. அடுத்த பிள்ளையிடம் நகர்ந்தார். ஏரிமேட்டுக் காலனி. அடுத்தது. ஏரிமேட்டுக் காலனி. நாலாவது பிள்ளையிடம் கேட்பதற்குள் மிச்சம் மூன்றும் சேர்ந்து பாட்டு மாதிரி சொல்லிவிட்டன. கடைசியாக ஆல்வின் தெளிவுக்காக ஒன்று சேர்த்துக்கொண்டான்: “எங்க டீச்சர் அத்தோ கீது.”

பட்டியலை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, நெறியாளர் மெல்லத் திரும்பினார். ராஜாராமின் கழுத்தில் வியர்வை இறங்கியது. இதோ எல்லாம் முடிந்தது, பூட்டோடு சேர்த்து என் வேலையும் போனது என்று ஜெனிஃபர் நினைத்தாள்.

ராஜாராம் மைக்கை எடுத்தார். முப்பது ஆண்டு அனுபவம் வீண் போகவில்லை.

“ஐயா, இதை நான் ஆச்சரியமாக வைத்திருந்தேன். குழந்தைகள் முந்திக்கொண்டார்கள். இந்த வட்டாரத்தில் பூஜ்யம் வாங்கிய ஒரே மையம் ஏரிமேட்டுக் காலனி. அந்த மையத்தை இந்த ஆறு சுடர்களும் தத்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டால் பிறந்த ஊரைச் சொல்ல மாட்டார்கள், கடமை செய்யப்போகும் ஊரைத்தான் சொல்வார்கள். திங்கட்கிழமை முதல் தினமும் அங்கே சென்று, எழுதத் தெரியாத அந்தக் குழந்தைகளுக்கு எழுத்து அறிவிக்கப் போகிறார்கள்.”

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுதத் தெரியாத ஒரு மையமாவது இருந்தால்தானே இயக்கத்துக்கு வேலை இருக்கும், அப்படிப்பட்ட மையத்தைப் பூட்ட நினைத்தது யார் என்று மைக்கிலேயே கேட்டார். யாருமில்லை என்றார் ராஜாராம். இந்த ஆறு பேர் அங்கே போய்வரும் வரை ஏரிமேட்டு மையத்தில் பூட்டு என்ற பேச்சே கூடாது என்று நெறியாளர் அறிவித்தார். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

கடைசி வரிசையிலிருந்து இளவரசி கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜெனிஃபரிடம் வந்தாள். மறுபடியும் என் பெண்ணை எந்த ஊருக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று அவள் கேட்டபோது குரல் சண்டைக்குத் தயாராக இருந்தது.

“நம்ம ஊருக்குத்தான்” என்றாள் ஜெனிஃபர். சொல்லிவிட்டு, அது சரிதானா என்று தானே ஒரு தடவை யோசித்துப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வெள்ளை ஜீப் காலனிக்குள் வந்து நின்றது. மோகன்குமார் கையில் நாற்பத்து நாலாவது சுற்றறிக்கை. சுடர்க் குழந்தைகள் ஆறு பேரும் அவரவர் ஊரிலிருந்து இயக்க ஜீப்பில் மட்டுமே ஏரிமேட்டுக்கு வர வேண்டும். வேறு வகையில் வந்த சுடர் வராததாகக் கருதப்படும். யாராவது ஒரு சுடர் மூன்று நாள் வராவிட்டால் தத்து ரத்தாகும். தத்து ரத்தானால் பழைய பூட்டு ஆணை தானாக உயிர்பெறும்.

“அதனால இன்னா பண்றதுன்னா, இங்கேர்ந்து பசங்கள ஏத்திக்கினு, அந்த ஆறு ஊருக்கும் போயி, ஊருக்கு ஒரு புள்ளையா எறக்கி ஏத்தி, சீல் வாங்கிக்கினு, பத்து மணிக்கு இங்கியே கொண்டாந்து வுட்டுடுவேன்” என்றார் மோகன்குமார். “தெனமும்.”

ஆல்வின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. மற்ற நாலு பேரும் ஏறினார்கள். இளமதி மட்டும் ஏறவில்லை. ஆறு ஊரையும் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றாள். அவள் வீட்டிலிருந்து மையத்துக்கு முப்பது அடி. மோகன்குமார் கெஞ்சிப் பார்த்தார், ஹாரன் அடித்துக் காட்டினார். அவள் சிலேட்டை இடுக்கிக்கொண்டு அந்த முப்பது அடியையும் நடந்து வந்து, பாயில் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ஜீப் ஐந்து பேரோடு கிளம்பியது. ஊரைத் தாண்டும்வரை ஆல்வினின் ஹாரன் கேட்டது.

ஜெனிஃபர் வருகைப் பதிவேட்டைத் திறந்தாள். இயக்கம் புதிதாக அச்சடித்து அனுப்பியது. சுடர்களுக்குத் தனிப் பக்கம், பெயருக்கு நேரே ‘வந்த விதம்’ என்று ஒரு கட்டம். பிள்ளைகளைப் பொய் சொல்லவைக்க மாட்டேன் என்று துண்டுச் சீட்டை மடித்துவைத்தவள், பேனா மூடியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இளமதி அதற்குள் m வரை வந்துவிட்டாள்.

‘ஜீப்பில் வந்தார்’ என்று அழகான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள் ஜெனிஃபர். அப்புறம் எழுந்துபோய், வாசல் மண்ணில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள்.